கொழும்பிலிருந்து மலையேறப் புறப்படுகிறவர்களுக்கு: முதல் சப்பாத்து முதல் முதல் இரவுத் தங்கல் வரை

கொழும்பில் இருப்பவருக்கு மலை தூரமில்லை. மலைநாட்டு ரயில் வழக்கம்போல் ஓடும் காலத்தில், விடியற்காலை கோட்டையில் ஏறினால் மதியத்துக்குள் ஹட்டனில் இறங்கிவிடலாம். தூரமாக இருப்பது நம் உடம்புதான். கடல் மட்டத்தில், தட்டையான தெருக்களில், வெக்கையில் பழகிய கால்கள் திடீரென ஆயிரம் மீற்றர் ஏறி இறங்கச் சொன்னால் திணறும். அதற்கான தயாரிப்பு கடையில் கிடைக்காது. பலர் முதலில் பெரிய பையும் விலை கூடிய ஜக்கெட்டும் வாங்கிவிட்டு, காலைப் பற்றிக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். இந்த வழிகாட்டியில் அந்த வரிசை தலைகீழ்: முதலில் பருவம், பிறகு கால், பிறகு பை.

கொழும்புத் தமிழருக்கு வேறு எந்த நகரத்து மலையேறிக்கும் எளிதில் வாய்க்காத ஒரு வசதியும் உண்டு. மலையகத்துத் தோட்டப் பாதைகளில் எதிரே வருகிறவர் பெரும்பாலும் தமிழ் பேசுகிறவர். எந்தச் செயலியும் சொல்லாததை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எப்படிக் கேட்பது என்பதையும் கீழே சொல்கிறேன்.

படி 1: மலைக்கு முன் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

நம் மலைநாட்டுக்கு ஒரே பருவம் கிடையாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை; ஹட்டன், மஸ்கெலியா, கித்துல்கல, இரத்தினபுரிப் பக்கம் எல்லாம் நேரே அதன் வாயில் இருக்கிறது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவும் பதுளைப் பக்கமும் நனையும். இடைப்பட்ட மார்ச்–ஏப்ரலிலும் ஒக்டோபர்–நவம்பரிலும் காலை வானம் பளிச்சென்று இருக்கும், பிற்பகலில் இடியும் மின்னலுமாகக் கொட்டும். அந்த மாதங்களில் போவதென்றால் மதியத்துக்குள் உச்சியைவிட்டு இறங்கிவிட வேண்டும்.

ஆகவே மேற்குப் பக்க மலைகளுக்கு ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை நல்ல காலம். ஹப்புத்தளை, எல்ல பக்கம் ஜூலையிலும் ஓகஸ்டிலும் காற்று பலமாக வீசினாலும் பெரும்பாலும் காய்ந்திருக்கும். கொழும்பில் அடைமழை பெய்யும் வாரத்தில் எல்லவில் வெயில் அடிப்பது சாதாரணம்.

மழைக்காலத்தில் போகவேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் நனைவது அல்ல, மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் புதைந்ததும், 2016 மே மாதம் அரநாயக்கவில் மலையே இறங்கி வந்ததும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப் போட்டதும் நாம் அறிந்தவை. புறப்படுவதற்கு முதல் நாள் வளிமண்டலவியல் திணைக்களத்தின் வானிலை அறிக்கையையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். அந்த எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலையில் வரும். போகவிருக்கும் பிரதேச செயலகப் பிரிவுக்கு மஞ்சள் இருந்தாலே பயணத்தைத் தள்ளிவையுங்கள். டித்வாவுக்குப் பிறகு, பழைய பாதை அப்படியே இருக்கிறதா, மலைநாட்டு ரயில் எதுவரை ஓடுகிறது என்பதையும் விசாரித்துக்கொள்வது நல்லது.

படி 2: முதல் பாதையை அடக்கமாகத் தேர்ந்தெடுங்கள்

முதல் நடைக்கு நான் சொல்வது ஹோர்ட்டன் சமவெளி. உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி இரண்டையும் சுற்றிவரும் பாதை ஏறத்தாழ ஒன்பதரை கிலோமீற்றர்; ஏற்றம் குறைவு, வழி தவற வாய்ப்பும் குறைவு. உலக முடிவில் பாறை விளிம்பு சுமார் 870 மீற்றர் செங்குத்தாக விழுகிறது. காலை ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு பள்ளத்திலிருந்து மேகம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். அதனால் முதல் நாளே நுவரெலியாவிலோ ஒஹியாவிலோ தங்கி அதிகாலையில் உள்ளே போங்கள். வாசலில் பொலித்தீன் உறைகளை வாங்கிக்கொள்வார்கள் என்பதால் பிஸ்கட், கச்சான் எல்லாவற்றையும் வீட்டிலேயே டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள்.

அடுத்தது பீக்கோ ட்ரெயில். கண்டி ஹந்தானையில் தொடங்கி கலஹா, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, ஹப்புத்தளை, எல்ல என்று வளைந்து நுவரெலியாவில் முடியும் 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நடைபாதை. 22 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள், பெரும்பாலான கட்டங்கள் ஒரு நாளில் நடக்கக்கூடியவை. வெள்ளைக்காரர் காலத்தில் கோப்பிக்கும் தேயிலைக்கும் வெட்டிய வண்டிப் பாதைகள்தான் இவற்றில் பெரும்பகுதி. வட்டகொடையிலிருந்து கொட்டகலை வரையான கட்டம் கொழும்பிலிருந்து போகிறவருக்கு வசதியானது, ஏனென்றால் இரு முனையிலும் ரயில் நிலையம் உண்டு. ரயில் ஓடுமானால் வாகனம் தேவையில்லை.

மூன்றாவதாகச் சிவனொளிபாதமலை. அதற்குத் தனியாக ஒரு பகுதி எழுதியிருக்கிறேன்.

பைபிள் ரொக் என்கிற பத்தலேகல 798 மீற்றர்தான். கடுகண்ணாவையில் பார்க்கும்போது கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். ஆனால் கடைசிப் பகுதி செங்குத்து, ஈரத்தில் வழுக்கும்; இரண்டு மூன்று நடைக்குப் பிறகு போங்கள். நக்கிள்ஸின் உட்பகுதி, கிரிகல்பொத்தை ஆகியவை அனுபவத்துக்குப் பிறகே. நாட்டின் மிக உயர்ந்த பிதுருதலாகல 2,524 மீற்றர் என்றாலும் அதில் நடந்து ஏற அனுமதி இல்லை. நடந்து எட்டக்கூடியவற்றில் உயரமானது ஹோர்ட்டன் சமவெளிக்குள் இருக்கும் கிரிகல்பொத்தைதான், 2,388 மீற்றர்.

படி 3: ஆறு வாரம் படிக்கட்டு

கொழும்பில் மலை இல்லை, ஆனால் மாடிகள் தாராளமாக இருக்கின்றன. முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு மூன்று நாள் ஐந்து, ஆறு கிலோமீற்றர் வேகமாக நடங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக்காரருக்கு மரைன் டிரைவ் இருக்கிறது. மற்றவர்களுக்குக் காலிமுகத்திடல், சுதந்திர சதுக்கம், பத்தரமுல்லை தியத்த உயன. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் சரியான வேகம். மூச்சு வாங்கிப் பேச்சு உடைந்தால் குறையுங்கள்.

மூன்றாம் வாரத்திலிருந்து படிக்கட்டு. ஒரு மாடி ஏறத்தாழ மூன்று மீற்றர் உயரம். பத்து மாடிக் கட்டடத்தில் ஒருமுறை ஏறி இறங்கினால் முப்பது மீற்றர். பத்து முறை என்றால் 300 மீற்றர். சிவனொளிபாதமலையின் ஏற்றம் சுமார் 1,000 மீற்றர். கணக்கைப் பார்த்தாலே எவ்வளவு பழக வேண்டும் என்பது புரியும். ஒரு தடவையில் 300 முதல் 400 மீற்றர் வரை சிரமமில்லாமல் முடிகிற நிலைக்கு வந்தால் போதும்.

இங்கே எல்லோரும் ஏறுவதைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும், காலை வாங்குவது இறக்கம். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசைக்கு மறுநாள், அதற்கு மறுநாள் வரும் வலியெல்லாம் இதனால்தான். ஆகவே லிப்டில் இறங்காதீர்கள், நடந்தே இறங்குங்கள். முழங்காலைச் சற்று மடித்து, சிறு அடி வைத்து, பாதத்தைச் சத்தமில்லாமல் பதித்து இறங்கிப் பழகுங்கள். தொம் தொம்மென்று சத்தம் கேட்டால் பாரம் மூட்டுக்குப் போகிறது என்று அர்த்தம்.

நான்காம் வாரம் முதல் பையோடு. ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்று ஒன்றரைக் கிலோ. எத்தனை போத்தல் வைக்கிறீர்களோ அதுதான் எடை, தராசு தேவையில்லை. முழங்கால் முணுமுணுத்தால் தண்ணீரை ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்கலாம். இரத்த அழுத்தம், நீரிழிவு, நெஞ்சு வலி இருந்தவர்கள் இந்தப் பயிற்சி தொடங்கும் முன்பே வைத்தியரைப் பார்த்துவிடுங்கள்.

படி 4: சப்பாத்து

பணம் செலவழிப்பதென்றால் இதற்குச் செலவழியுங்கள். உயரமான பூட்ஸ் கட்டாயம் இல்லை. தோட்டப் பாதைக்கும் படிக்கட்டுக்கும், அடிப்பாகத்தில் ஆழமான பற்கள் உள்ள சாதாரண ட்ரெயில் சப்பாத்து போதும். அது சீக்கிரம் காயும், எடையும் குறைவு. கனத்த பையோடு பல நாள் நடப்பவருக்கும் அடிக்கடி கணுக்கால் பிசகுபவருக்கும்தான் பூட்ஸ்.

சப்பாத்தை மாலையில் வாங்குங்கள். நாள் முழுக்க நின்று நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். நடக்கும்போது போடப்போகும் அதே சொக்ஸோடு போட்டுப் பாருங்கள். நாடாவைக் கட்டாமல் பாதத்தை முன்னே தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய இடம் வேண்டும். பிறகு கட்டிக்கொண்டு, கடையில் படிக்கட்டு இருந்தால் இறங்கிப் பாருங்கள். பெருவிரல் நுனியில் இடித்தால் அந்தச் சப்பாத்து வேண்டாம்; இறக்கத்தில் அந்த விரலின் நகம் கறுத்து விழும். அடியையும் பாருங்கள்: நகத்தால் அழுத்தினால் ரப்பர் சற்றுக் குழிய வேண்டும். கல்லைப் போலிருக்கும் பிளாஸ்டிக் அடி, ஈரப் பாறையில் பிடிக்காது.

புதுச் சப்பாத்தோடு மலைக்குப் போகாதீர்கள். படிக்கட்டுப் பயிற்சி முழுவதையும் அதிலேயே செய்யுங்கள். பருத்திச் சொக்ஸ் வியர்வையை வைத்துக்கொண்டு தோலை ஊறவைக்கும். கம்பளி அல்லது பொலியெஸ்டர் கலந்தது நல்லது. ஊறிய தோலில்தான் கொப்புளம் வருகிறது. நடக்கும்போது ஓரிடம் சுடுவதுபோல் இருந்தால் அடுத்த வளைவு வரை பொறுக்காமல் அங்கேயே உட்கார்ந்து, காலைத் துடைத்து, பார்மசியில் விற்கும் பிளாஸ்டர் நாடாவைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். கூட வருபவர்கள் காத்திருக்கட்டும். ஐந்து நிமிடத்தில் தீர்கிற விடயத்தை விட்டுவிட்டால் மிச்ச நாள் முழுக்க நொண்ட வேண்டியதுதான்.

படி 5: உடுப்பும் பையும்

ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். கொழும்பில் இரவு 25 பாகை என்றால் சிவனொளிபாதமலை உச்சியில் 10 பாகை அளவு, காற்றையும் சேர்த்தால் இன்னும் குளிரும். இதற்கு ஒரு தடித்த ஜக்கெட் சரிவராது. ஏறும்போது வியர்த்து நனைந்து, நிற்கும்போது நடுங்குவீர்கள். மூன்று மெல்லிய உடுப்பாகப் போடுங்கள்: உடம்போடு ஒட்டி வியர்வையை வெளியே விடும் பொலியெஸ்டர் டீ-சேர்ட், அதன்மேல் ஃப்ளீஸ் எனும் மென்மயிர்த் துணி மேலுடுப்பு, வெளியே காற்றும் மழையும் புகாத மெல்லிய ஜக்கெட். டெனிமும் பருத்தி டீ-சேர்ட்டும் நனைந்தால் காய்வதேயில்லை, அவற்றை வீட்டில் விட்டுவிடுங்கள்.

நம் நாடு ஆடை ஏற்றுமதி நாடு. ஏற்றுமதியில் மிஞ்சிய ஃப்ளீஸும் மழை ஜக்கெட்டும் புறக்கோட்டை, நுகேகொடை, மஹரகமைக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். மழை ஜக்கெட் வாங்கும்போது உள்பக்கத்தை வெளியே திருப்பித் தையலைப் பாருங்கள். தையல் கோடு முழுவதும் ஒளிபுகும் நாடா ஒட்டியிருந்தால் நீர் புகாது. வெறும் நூல் தெரிந்தால் அது காற்றுக்கு மட்டும்தான்.

ஒரு நாள் நடைக்கு 20 முதல் 30 லீற்றர் பை, இரவு தங்குவதற்கு 40 முதல் 50 லீற்றர். இடுப்புப் பட்டி உள்ளதை எடுங்கள். பட்டி இடுப்பெலும்பின் மேல் உட்கார்ந்தால் பாரத்தின் பெரும்பகுதி தோளைவிட்டு அங்கே இறங்கிவிடும். ஒரு நாள் பை உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்கையும் இரவுத் தங்கல் பை ஐந்தில் ஒரு பங்கையும் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கனமானவை முதுகோடு ஒட்டி நடுவில், உறங்கும் உடுப்பு அடியில், மழை ஜக்கெட்டும் தின்பண்டமும் மேலே. பைக்கு மேலே போடும் மழையுறையை நம்பாதீர்கள், முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கும். உள்ளே ஒரு பெரிய கறுப்புக் குப்பைப் பையை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் அடுக்கி வாயைச் சுருட்டி விடுங்கள். கடுமழையிலும் மாற்றுடுப்பு காய்ந்தே இருக்கும்.

இவை தவிர: நெற்றியில் கட்டும் டோர்ச், மாற்று பற்றரி, பவர் பேங்க், விசில், சிறு கத்தி, பிளாஸ்டர், காயத்துணி, ஜீவனிப் பக்கற்று (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்), வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, குப்பை கொண்டுவர ஒரு பை. தேயிலைத் தோட்டத்து வண்டிப் பாதையில் குடை மிகவும் உதவும். மலை முகட்டில் அதை விரிக்காதீர்கள்.

படி 6: சாப்பாடும் தண்ணீரும்

காலைக்குத் தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும். கெடாது, நசுங்காது, வயிற்றில் நிற்கும். வழியில் மணிக்கொரு தடவை கொஞ்சமாக எள்ளுருண்டை, கச்சான், பேரீச்சம்பழம், பருத்தித்துறை வடை. மதியம் சோற்றுப் பார்சலைக் கட்டு கட்டிவிட்டு உடனே ஏறினால் கால் ஓடாது. அதை இறங்கிய பிறகு சாப்பிடலாம்.

தண்ணீர் மணிக்கு அரை லீற்றர் என்று கணக்கு வையுங்கள், வெயிலில் இன்னும் கூட. மலை ஓடை பார்க்கத் தெளிவாக இருக்கும், ஆனால் மேலே லயன்களும் தேயிலைக்கு அடிக்கும் மருந்தும் இருக்கலாம். வடிகட்டியும் குளோரின் மாத்திரையும் கிருமியைக் கொல்லும், மருந்தை எடுக்காது. தோட்டத்துக்குள் நடக்கும்போது வீட்டிலோ கடையிலோ கேட்டு நிரப்புங்கள். மக்கள் குடிக்க எடுக்கும் பீலி (ஊற்றுநீர் விழும் குழாய்) எது என்று அவர்களுக்குத் தெரியும்.

படி 7: நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார்: ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. அது பழகியவருக்கும் குளிர் நாட்டுக்கும் பொருந்தும். நம் ஈரவெக்கைக்கும் புதிதாக நடப்பவருக்கும் வருகிற விடையில் பாதியை மேலும் கூட்டுங்கள். 12 கிலோமீற்றரும் 600 மீற்றர் ஏற்றமும் என்றால் அவர் கணக்கில் மூன்று மணி 24 நிமிடம், நமக்கு ஐந்து மணிக்குச் சற்று மேல். அதற்கு மேல் சாப்பாட்டுக்கும் படம் எடுக்கவும் ஒரு மணி.

இங்கே ஆண்டு முழுவதும் மாலை ஆறு, ஆறரைக்குள் சூரியன் இறங்கிவிடும், காட்டுக்குள் ஐந்தரைக்கே இருட்டும். ஆகவே புறப்படும் முன்பே திரும்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள். ஒரு மணிக்குத் திரும்புவது என்றால் உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் ஒரு மணிக்குத் திரும்ப வேண்டும். குழுவாக இருக்கும்போது இதை ஒருவர் பொறுப்பில் விட்டு, அவர் சொன்னால் மறுபேச்சில்லை என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். களைத்த பிறகு எடுக்கும் முடிவு சரியாக வராது.

பாதையின் ஜி.பி.எக்ஸ் கோப்பை (நடைவழியைப் பதிந்துவைத்த கோப்பு) இறக்கி, இணையம் இல்லாமல் இயங்கும் வரைபடச் செயலியில் ஏற்றி, வீட்டிலேயே விமானப் பயன்முறையில் திறந்து பாருங்கள். காகித வரைபடம் விரும்புகிறவர்களுக்கு நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடம் இருக்கிறது. தலைமையகம் நாரஹேன்பிட்ட கிருள வீதியில். தேசிய பூங்கா என்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் டிக்கெட், ஒதுக்கப்பட்ட காடு என்றால் வனத் திணைக்கள அனுமதி, தோட்டம் என்றால் தோட்ட அலுவலகத்தில் ஒரு வார்த்தை. வீட்டில் ஒருவரிடம் எந்தப் பாதை, யார் யார், எத்தனை மணிக்கு அழைப்போம், எத்தனை மணி வரை அழைக்காவிட்டால் அவர் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியே கொடுங்கள். அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117.

படி 8: பாதையில்

முதல் அரைமணி வேண்டுமென்றே மெதுவாக நடங்கள். குழுவில் மெதுவானவர் இரண்டாவதாக நடக்கட்டும், பழகியவர் கடைசியில்.

வழி கேட்பது. "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் "பக்கந்தான்" என்றுதான் பதில் வரும். தினமும் அந்த மலையில் கொழுந்து கூடையோடு ஏறுகிறவருக்கு அது பக்கந்தான். இப்படிக் கேளுங்கள்: "அக்கா, நீங்க நடந்தா அங்க போக எவ்வளவு நேரமாகும்?" அவர் அரைமணி என்றால் நமக்கு ஒரு மணி. இன்னும் இரண்டு கேள்விகள் முக்கியமானவை: "மழைக்குப் பிறகு அந்தப் பக்கம் ஆட்கள் போறாங்களா?" "குளவிக்கூடு ஏதும் இருக்கா?" இரண்டு வேறு ஆட்களிடம் கேட்டு ஒத்துப் பாருங்கள். கையை நீட்டித் திசை காட்டும்போது அவர் சொல்லும் அடையாளத்தைக் கவனியுங்கள்: கோயில், கொழுந்து மடுவம் (பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை), பெரிய சவுக்கு மரம். அந்த ஒவ்வோர் அடையாளமும் வந்ததா என்று பார்த்துக்கொண்டே போகலாம்.

நாம் நடை பயில வரும் பாதை அவர்களுக்கு வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகும் வழி. கூடையோடு வருகிறவருக்கு ஒதுங்கி இடம் விடுங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். லயன் வாசலும் துணி காயும் கொடியும் ஒரு குடும்பத்தின் வீடு. பிள்ளைகளுக்குக் காசும் இனிப்பும் கொடுத்துப் பழக்காமல், தோட்டத்துக் கடையில் தேத்தண்ணியும் ரொட்டியும் வாங்கிச் சாப்பிடுங்கள்.

அட்டை. ஈரக்காட்டில் தவிர்க்க முடியாது, ஆனால் ஆபத்தும் இல்லை. காற்சட்டைக் காலைச் சொக்ஸுக்குள் விட்டு, துணி சோப்புக் கட்டியை நனைத்துச் சொக்ஸின் வெளிப்பக்கத்திலும் சப்பாத்து வாயிலும் வெள்ளையாகப் படியும்வரை தேயுங்கள். ஓடையைக் கடந்தால் மறுபடி தேய்க்க வேண்டும். அட்டைச் சொக்ஸ் என்று முழங்கால் வரை வரும் நெருக்கமான துணி உறையும் விற்கிறார்கள், சிங்கராஜவுக்கும் நக்கிள்ஸுக்கும் அது வேண்டும். ஒட்டிவிட்டால் பிய்க்கவோ நெருப்பு வைக்கவோ வேண்டாம். மெல்லிய முனைதான் வாய். அந்த இடத்தில் நகத்தைத் தோலோடு வைத்துப் பக்கவாட்டில் நகர்த்தினால் விட்டுவிடும், உடனே மற்ற முனையையும் எடுத்துச் சுண்டிவிடுங்கள். அதன் எச்சிலில் இரத்தத்தை உறையவிடாத பொருள் இருப்பதால் கொஞ்ச நேரம் கசியும். கழுவி, துணியால் அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

குளவிதான் மலையகத்தில் உண்மையான பயம். கொழுந்து பறிக்கும்போது கொட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களைப் பற்றிய செய்தி அடிக்கடி வருகிறது. உயர்ந்த மரங்களிலும் பாறை முகப்பிலும் பெரிய கூடுகள் தொங்கும். வாசனைத் திரவியம் பூசாதீர்கள், கத்தாதீர்கள், புகை போடாதீர்கள், ட்ரோன் விடாதீர்கள். கலைந்துவிட்டால் கையை வீசாமல், தலையையும் முகத்தையும் ஜக்கெட்டால் மூடி, நேரே ஓடுங்கள்; தண்ணீருக்குள் குதிப்பது பயன் தராது, மேலேயே சுற்றி நிற்கும். கொடுக்கு இருந்தால் நகத்தால் உடனே வழித்தெடுங்கள். மூச்சுத் திணறல், முகம் வீங்குதல், மயக்கம் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1990.

பாம்பு கடித்தால் கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். காலை அசையாமல் வைத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு. இடி கேட்டால் முகட்டையும் தனி மரத்தையும் விட்டு இறங்குங்கள். நிலத்தில் புது வெடிப்பு, திடீரெனக் கலங்கி வரும் ஊற்று, சாய்ந்த மரங்கள் தெரிந்தால் அந்தச் சரிவில் நிற்காமல் திரும்பிவிடுங்கள். நீர்வீழ்ச்சியின் மேல்முனைப் பாறையில் கால் வைக்கவே வேண்டாம்.

சிவனொளிபாதமலைக்குத் தனியாக

உயரம் 2,243 மீற்றர். யாத்திரைக் காலம் டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக் போயாவில் முடியும். அப்போது பாதை முழுக்க விளக்கும் தேநீர்க் கடையும் இருக்கும். ஹட்டன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி போய் ஏறும் பாதைதான் குறுகியது, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். இரத்தினபுரிப் பாதை மிக நீளம், குருவிட்ட–எரத்ன பாதை காடும் அட்டையும். வார இறுதியிலும் போயாவிலும் கடைசிப் படிகளில் மணிக்கணக்கில் வரிசை நிற்கும், ஆகவே வாரநாளில் போங்கள்.

சூரிய உதயத்துக்காக நள்ளிரவு தாண்டி ஏறுவது வழக்கம். ஆனால் வேகமாக ஏறி மூன்று மணிக்கே உச்சியை அடைந்தால் வியர்வையோடு குளிரில் மூன்று மணி நேரம் நடுங்க வேண்டும். ஐந்தரைக்கு மேலே இருப்பதுபோல் நடையை வகுத்துக்கொள்ளுங்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே நனைந்த டீ-சேர்ட்டை மாற்றி ஃப்ளீஸைப் போடுங்கள். மேலே சப்பாத்தைக் கழற்ற வேண்டும், தரை பனிக்கட்டியாகச் சில்லிடும். ஒரு தடித்த காய்ந்த சொக்ஸ் கொண்டுபோனால் அதன் அருமை அங்கே தெரியும். சைவரும் பௌத்தரும் முஸ்லிம்களும் கிறிஸ்தவரும் தத்தம் நம்பிக்கையோடு ஏறும் மலை இது. 1344இல் இப்னு பதூதா ஏறியிருக்கிறார். பாட்டுப் பெட்டியை அலறவிட வேண்டாம், வயதான அம்மாமார் இறங்கி வரும்போது கைபிடிச் சுவர்ப் பக்கத்தை அவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

படி 9: முதல் இரவு

கூடாரம் வாங்கும் முன் பாதையோரத்து வீட்டுத் தங்குமிடத்தில் ஓர் இரவு தங்கி இரண்டு நாள் தொடர்ந்து நடந்து பாருங்கள். இரண்டாம் நாள் காலையில் கால் எப்படி இருக்கிறது என்பதுதான் உண்மையான பரீட்சை. அது சரி என்றால் கூடாரத்தை வாடகைக்கு எடுங்கள், பிடித்த பிறகு வாங்கலாம்.

கூடாரத்தை ஓடைக்கரையிலும் சரிவின் அடியிலும் காய்ந்த கிளைக்குக் கீழும் போடாதீர்கள். குளிர் பெரும்பாலும் நிலத்திலிருந்து ஏறுவதால் பாய் விரிப்புக்குத்தான் அதிகக் கவனம் தேவை. தூங்குவதற்கென்று ஒரு ஜோடி உடுப்பை நாள் முழுக்கத் தொடாமல் வையுங்கள். நெருப்பு மூட்டாதீர்கள், வறண்ட மாதங்களில் எல்ல, ஹப்புத்தளைப் பக்கப் புல்மலைகள் எரிவதற்கு ஒரு தணல் போதும். கழிப்பதற்கு நீர்நிலையிலிருந்து அறுபது மீற்றராவது தள்ளி, ஒரு சாண் குழி தோண்டி மூடுங்கள். ஈரத்தாளும் பெண்களின் அணையாடையும் மண்ணில் மக்காது, கறுப்புப் பையில் திரும்பி வரவேண்டும்.

படி 10: திரும்பி வந்த பிறகு

வீட்டில் விவரம் கொடுத்தவருக்கு முதலில் அழையுங்கள், அவர் காத்துக்கொண்டிருப்பார். குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, தொடையிடுக்கு, காதுக்குப் பின்புறம் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். சேற்றிலும் வயலிலும் இறங்கி நடந்திருந்தால், அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் அதைச் சொல்லுங்கள், எலிக்காய்ச்சலா என்று பார்ப்பார்கள்.

சப்பாத்தின் உள்தட்டை வெளியே எடுத்து, உள்ளே பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து, நிழலில் காயவையுங்கள். வெயிலில் வைத்தால் அடி ஒட்டு விட்டுப்போகும். கொழும்பின் ஈரக்காற்றில் ஈரமான கூடாரம் சில நாளிலேயே பூஞ்சை பிடிக்கும், பல்கனியில் விரித்துக் காயவைத்த பிறகே மடியுங்கள். மறுநாள் கால் வலித்தாலும் படுத்தே கிடக்காமல் தட்டையாகக் கொஞ்சம் நடங்கள். பையைக் காலி செய்யும்போது ஒருமுறைகூட எடுக்காத பொருட்களை ஒரு பக்கம் வையுங்கள்; மழை ஜக்கெட், மருந்து, டோர்ச் தவிர மற்றவை அடுத்த நடைக்கு வேண்டாம்.